கோட்டுக்கும் சதுரத்துக்கும் ஒரு கூடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி வைத்த மாநகர முதல்வர் அவர்களே, வேலைப்பளுவுக்கிடையிலும் கடைசிவரை இருப்பதாக வாக்களித்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்து விரிவுரையாளர்களே, தறியை நிறுத்திவிட்டு மருதமுனையிலிருந்து வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி.

உருவங்கள் இல்லாமல் கோடும் கட்டமும் நிறமுமாக அமையும் கேத்திரகணித அருவ ஓவியங்களின் கண்காட்சிகளுக்கு ஏன் போக வேண்டும், போனால் எப்படிப் பார்க்க வேண்டும், அதற்கு மட்டக்களப்பில் ஒரு கூடம் ஏன் வேண்டும் என மூன்று விடயங்களைப் பேச வந்திருக்கிறேன். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்பார்கள். எங்கள் பாடசாலைகளில் கைப்பழக்கத்துக்குக் குறைவில்லை; கண்பழக்கத்துக்குத்தான் இடமில்லை.

1915 இல் பெட்ரோகிராட்டில் நடந்த கண்காட்சியில், ரஷ்ய ஓவியர் மலேவிச் தமது ‘கறுப்புச் சதுரம்’ என்ற படத்தை ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் வைக்கும் மேல் மூலையில் மாட்டினார். புத்தகத்தில் அது வெறும் கறுப்புக் கட்டம். மொஸ்கோவில் உள்ள மூலப்படத்திலோ, கறுப்பு வெடித்த கீறல்களுக்குள்ளே அடியில் பூசிய வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. அச்சுப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இதை என் பேரனும் வரைவான்’ என்று சொல்வதில் பொருளில்லை.

நெதர்லாந்து ஓவியர் மொண்ட்ரியானின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1941 இல் அவர் துணியில் நிறநாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ‘நியூயோர்க் சிட்டி 1’ என்ற படத்தைத் தொடங்கினார். முடிக்குமுன் 1944 இல் காலமானார். 1945 இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். 1980 முதல் அது ஜேர்மனியின் டுசெல்டோர்ப் நகரில் இருக்கிறது. அறிஞர்கள் பார்த்தார்கள், மாணவர்கள் பார்த்தார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். 2022 இல்தான் அங்குள்ள காட்சிப் பொறுப்பாளர், படம் 75 ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைகீழாகத் தொங்கியிருக்கலாம் என்றார். ஓவியர் இறந்த ஆண்டில் அவரது பணிக்கூடத்தில் எடுத்த புகைப்படமொன்றில் அது மறுபக்கமாக நின்றது. நெருங்கிய கோடுகள் கீழே அல்ல, மேலே இருந்தன. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்! சரி, திருப்பி மாட்டினார்களா என்றால், இல்லை. பழைய நாடாக்கள் கழன்று விழுந்துவிடும் என்று அஞ்சி அப்படியே விட்டுவிட்டார்கள். முன்வரிசையில் இருக்கும் நெசவாள ஐயா அங்கே நின்றிருந்தால், ‘முந்தானை எந்தப் பக்கம் தம்பி?’ என்று முதல் நாளே கேட்டிருப்பார். சித்திரம் கைப்பழக்கமென்றால், அந்தத் தலைகீழைப் பிடித்தது கண்பழக்கம்.

அந்தக் கண் எங்களிடமும் இருக்கிறது. மருதமுனைச் சேலைக் கரையின் கட்டங்களையும், சாயமிட்ட பன் புல்லில் பின்னிய பாயின் முக்கோணங்களையும் பிழையில்லாமல் அமைப்பவர்கள் நாங்கள். இல்லாதது சுவர் மட்டுமே. பாடசாலை மண்டபத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மாலையில் இறக்கிக் கட்டிவைக்கும் கண்காட்சியில், ஒரு படத்துக்கு முன்னால் கால்மணி நேரம் நிற்பது எப்படி? வாவிக்காற்றின் ஈரம் ஏறும் அறைக்குப் பெறுமதியான படத்தை இரவல் தர யார் துணிவார்கள்? கொழும்பில் லயனல் வென்ட் காட்சிக்கூடம் இருக்கிறது. எங்கள் பிள்ளை அதற்காக இரவு முழுதும் புகையிரதத்தில் போக வேண்டும்.

ஆகவே ஈரப்பதத்தையும் வெளிச்சத்தையும் கட்டுப்படுத்தக்கூடிய, வெள்ளைச் சுவர் கொண்ட நிரந்தரக் காட்சிக்கூடம் ஒன்று மட்டக்களப்புக்கு வேண்டும். அதில் அயல்நாட்டுப் படங்களுக்குப் பக்கத்துச் சுவரில் பாயும் சேலையும் தொங்கட்டும். முதல்வர் அவர்கள் இங்கிருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்ட பிறகு தேநீர் அருந்துங்கள்.