ஸ்டீவன்ஸை உயர்த்தியது சட்டமன்றமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அடிமைமுறையை எதிர்த்து நின்ற அமெரிக்க வழக்கறிஞரும் சட்டமன்ற உறுப்பினருமான தாடியஸ் ஸ்டீவன்ஸ் பெரிதும் சாதித்தது நீதிமன்றத்திலா, சட்டமன்றத்திலா? சட்டமன்றத்தில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கிறிஸ்டியானா வழக்கைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். 1851இல், தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே மீது தேசத்துரோக வழக்கு. ஸ்டீவன்ஸும் அவருக்காக நின்றார். ஜூரி கால் மணி நேரத்தில் விடுவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால், தப்பியவரைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டம் மறுநாள் போய்விட்டதா? அப்படியே இருந்தது. அதை ஒழித்தது 1864 ஜூனில் காங்கிரஸ், அதாவது அமெரிக்காவின் தேசியச் சட்டமன்றம்.

இன்னொரு வழக்கை எதிரணி தொடவே இல்லை. 1821, பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம். வெளிமாநில அடிமை ஒருவரை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அவருக்கு விடுதலை என்பது அம்மாநிலச் சட்டம். சாரிட்டி பட்லர் என்ற பெண் அங்கே விட்டுவிட்டுத் தங்கிய நாள்களைக் கூட்டினால் அந்தக் கணக்கு வரும் என்றது அவர் தரப்பு. கூட்டக்கூடாது, தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்றார் உடைமையாளரின் வழக்கறிஞர். வென்றவர் அவர்தான். சாரிட்டி குழந்தைகளோடு அடிமையானார். அந்த வழக்கறிஞர் யார்? இதே ஸ்டீவன்ஸ்!

இப்போது 1865 டிசம்பர் 4க்கு வாருங்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் உறுப்பினர்கள், எதுவும் நடக்காததுபோல் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் வந்து உட்காரத் தயாராக இருந்தார்கள். சபைச் செயலர் மெக்பெர்சன் பெயர்களை வாசித்தார். ஸ்டீவன்ஸும் கட்சியினரும் முன்பே முடிவு செய்திருந்தபடி, அந்தப் 11 மாநிலங்களின் பெயர்களை மட்டும் வாசிக்கவில்லை. பெயர் வாசிக்கப்படாதவருக்கு ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பிறகு ஸ்டீவன்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தால் சபையிலிருந்து 9 பேர், மேலவையான செனட்டிலிருந்து 6 பேர் என்று, அந்த மாநிலங்களைத் திரும்பச் சேர்ப்பதா என்று ஆராயும் கூட்டுக்குழு அமைந்தது.

இதன் பலன் எண்ணிக்கையில் தெரியும். 1866இல் கறுப்பர்களையும் குடிமக்களாக ஏற்ற குடிமை உரிமைச் சட்டத்தை ஜனாதிபதி ஜான்சன் வீட்டோ செய்து தடுத்தார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். செனட்டில் கிடைத்தது 33க்கு 15. எதிர்ப்பு இரண்டே ஓட்டு கூடியிருந்தால் சட்டம் செத்திருக்கும். வெளியே நின்ற தென்மாநிலங்களுக்கு எத்தனை இடம்? 22!

‘அதுவும் வழக்கறிஞர் மூளைதானே’ என்பார்கள். மூளை ஒன்றுதான், ஐயா. அதே மூளை 1821இல், ஏற்கெனவே எழுதிவைத்த சட்டத்துக்குள் நின்று ஒரு தாயைத் தோற்கடித்தது. 1866இல் சட்டத்தையே எழுத உட்கார்ந்தது.

சட்டமன்றத்தில் அவர் தோற்றதும் உண்டு, மறைக்கவில்லை. பெருந்தோட்டங்களைப் பறிமுதல் செய்து விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் தரும் திட்டம் தேறவில்லை; சொத்துரிமையில் கைவைக்கச் சொந்தக் கட்சியே தயங்கியது. அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தமும் அவர் கேட்ட அளவுக்கு வரவில்லை, கறுப்பர்களுக்கு நேரடி வாக்குரிமை அதில் இல்லை. கிடைத்ததைக் கைவிட மனமில்லாமல் 1866 ஜூன் 13இல் அதற்கு ஓட்டளித்தார். சமப் பாதுகாப்பைச் சொல்லும் அதன் முதல் பிரிவைப் பெரும்பாலும் எழுதியவர் சக உறுப்பினர் ஜான் பிங்கம். அதைக் குழுவிலிருந்து சபை தாண்டிக் கொண்டுபோனதில் ஸ்டீவன்ஸுக்குப் பெரும் பங்கு.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பு வந்ததே, அந்த வழக்கறிஞர்கள் பிடித்துக்கொண்டு நின்றது இந்தப் பிரிவைத்தான். நடுவர் அவர்களே, 1821இல் சாரிட்டி பட்லரின் வழக்கறிஞர் கையில் அப்படி ஒரு வரி இல்லை.