எடை குறையாவிட்டாலும் நடையை நிறுத்தாதீர்கள்

(திரையில்: பழைய லண்டன் சிவப்பு இரட்டை மாடி பஸ்)

வணக்கம். உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். 1940-களில் அப்படி அடித்துச் சொல்ல ஆதாரம் கிடையாது. பிரிட்டனில் மாரடைப்பு கூடிக்கொண்டே போன காலம் அது. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் காரணத்தைத் தேடிப் போன இடம், லண்டன் பஸ்கள்.

ஒரு பஸ்ஸில் இரண்டு பேருக்கு வேலை. டிரைவர் வேலை நேரம் முழுக்க ஏறக்குறைய உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் அலைவார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்! சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து, 1953-ல் மோரிஸ் குழு முடிவை வெளியிட்டது. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தாலும் வயது கூடித்தான் வந்தது, உயிர் போனதும் குறைவு.

(திரையில்: காக்கி சீருடை, இஞ்ச் டேப்)

சரி, டிரைவர்கள் குண்டாக இருந்ததுதான் காரணமோ? அதையும் பார்த்தார்கள். எப்படித் தெரியுமா? சீருடை தைத்த அளவுக் கணக்கை எடுத்து! டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பிற்பாடு ஊழியர்களை ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு பிரிவிலும் கண்டக்டர்களுக்கே ஆபத்து குறைவு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு மாதம் வாக்கிங் போய்விட்டு, எடை மெஷினில் முள் நகரவில்லை என்று எத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள்! வருத்தமாக இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் அந்த நடை உதவுகிறது. அந்தப் பலன் ஓரிரு நாள்தான் நிற்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

அதற்காகப் பருமன் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. முக்கியமாகத் தொப்பை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு மோசமானது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. ஃபேட்டி லிவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இதையொட்டி வருபவை. மூட்டு வலியும், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் தனி.

(திரையில்: இரு உருவங்கள், இரண்டுக்கும் பி.எம்.ஐ 22.3)

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். 2004-ல் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யூட்கினும் தங்கள் படங்களையே அருகருகே வைத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றுதான். உடலில் கொழுப்பு? யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அளப்பது இப்படி: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சு விட்டபின் பாருங்கள். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். பலர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறோம்.

எவ்வளவு நடக்கலாம்? உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பலமுறை எழுந்து உட்கார்வதில் ஆரம்பிக்கலாம். ஒரே மூச்சில் முடியாவிட்டால், சாப்பிட்டதும் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது அந்த நேரத்தில்தான், அதைக் குறைக்க அந்த நடை உதவும்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், பயிற்சியைக் கூட்டும் முன் அளவை மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.