நேர்மைக்கு எந்தப் பீரியட்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தொடக்கப் பள்ளியில் நற்பண்பு வளர்வது தனிப் பாடத்தாலா, அன்றாடப் பழக்கத்தாலா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், வாரத்துக்கு இரண்டு பீரியட் ஒதுக்கி, புத்தகம் கொடுத்து, பரீட்சையும் வைத்தால்தான் நேர்மையும் பொறுப்பும் பிள்ளைகள் மனதில் பதியும் என்றார். அவருடைய அக்கறை எனக்கும் உண்டு. வழியைத்தான் ஏற்க முடியவில்லை.

பொய் சொல்லலாமா என்று கேள்வித்தாளில் கேட்டால் எந்தப் பிள்ளையும் கூடாது என்றுதான் எழுதும், முழு மார்க்கும் வாங்கிவிடும், ஆனால் நாம் அங்கே சோதித்தது அதன் ஞாபகசக்தியைத்தானே? 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 10,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சையிலும் விளையாட்டிலும் ஏமாற்றச் சந்தர்ப்பம் கொடுத்துக் கவனித்தார்கள். ஒரு இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே இன்னொரு இடத்தில் ஏமாற்றியது. எது சரி, எது தப்பு என்று தெரிந்து வைத்திருப்பது நடத்தையைப் பெரிதாக மாற்றவில்லை. ஆசிரியரும் பிள்ளைகளும் மனம் ஒட்டிப் பழகிய வகுப்புகளிலோ ஏமாற்றுவது குறைவாக இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஜப்பானைப் பாருங்கள், 2018லிருந்து தொடக்கப் பள்ளியில் ஒழுக்கம் தனிப் பாடமாகிவிட்டது என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான். ஆனால் அங்கேயும் அந்தப் பாடத்துக்கு மார்க் போடுவதில்லை, பிள்ளை எப்படி வளர்கிறது என்று ஆசிரியர் எழுத்தில்தான் குறிக்கிறார். அப்புறம், அது பாடமாவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அந்தப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைக்கிறார்கள், மதியச் சாப்பாட்டை முறை வைத்து ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள். கடைசி ஆளுக்கும் வரவேண்டுமே என்று பார்த்துப் பார்த்துக் கரண்டியில் அள்ளுகிற ஏழு வயதுப் பிள்ளைக்குப் பகிர்தல் என்ற சொல்லுக்கு அர்த்தம் எழுதிப் போட வேண்டுமா?

நான் மூன்றாம் வகுப்பு எடுத்த வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் ரப்பர் காணாமல் போனது. பக்கத்தில் இருந்த பையன்மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்ததால் விசாரிக்காமலே அவனைத் திட்டிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து ரப்பர் அந்தப் பிள்ளையின் நோட்டுக்குள்ளிருந்தே விழுந்தது. அவன் தலை நிமிரவே இல்லை. அவனிடம் போய், நாற்பது பிள்ளைகளும் கேட்கிற மாதிரி, "தப்பு என்னுடையதுடா, கேட்காமலே திட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்றேன். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

நாலைந்து நாள் கழித்து, வாயே திறக்காத ஒரு சிறுமி என் மேஜைக்கு வந்து, "டீச்சர், சுவரில் இருந்த சார்ட்டைக் கிழித்தது நான்தான்" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, நான் அந்தச் சார்ட்டை மறந்தே போயிருந்தேன்.

குடிமைப் பண்பும் இப்படித்தான் வரும். பியாஜே என்ற உளவியல் அறிஞர் பிள்ளைகளோடு கோலி விளையாடி, விதிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு 1932ல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் விதி என்றால் பெரியவர்கள் கொடுத்தது, மாற்றவே கூடாது என்று நினைக்கிறார்கள். பத்து வயதை ஒட்டித்தான் அது நாம் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது என்று புரிகிறது. அந்தப் புரிதல் சகப் பிள்ளைகளோடு விளையாடி, சண்டை போட்டு, பேசித் தீர்த்து வருவது. வகுப்பில் இருப்பது ஒரே பந்து என்றால் இன்று யாருக்கு என்று அவர்களே முடிவு செய்யட்டும், தோற்ற பக்கம் நாளைக்கு மறுபடி கேட்கட்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். நான் அன்று மன்னிப்புக் கேட்க அரை நிமிடம் கூட ஆகவில்லை, நடுவர் அவர்களே. அது கணக்குப் பீரியட்.