அஸ்ஃபால்ட்டீன் பிடித்துக்கொள்வதை அளப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். கச்சா எண்ணெயில் ஹெப்டேனைத் தாராளமாக ஊற்றினால் ஒரு கரும்பொடி பிரிந்து அடியில் தங்கும். அதுதான் அஸ்ஃபால்ட்டீன். ஹெப்டேனில் கரையாத இந்தப் பொடி டொலுவீனில் கரைந்துவிடும். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களை அடைக்கும் படிவுகளில் இதற்குப் பெரிய பங்குண்டு. அடைப்பைத் தடுக்கச் சேர்க்கிற நோனைல்ஃபீனால் போன்ற பொருள்கள் அஸ்ஃபால்ட்டீனோடு ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அதனால், கரைசலில் இருக்கும் ஒரு கரிமச் சேர்மத்தை இந்தத் திண்மம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதைச் சரியாக அளந்தாக வேண்டும்.

அளக்கும் முறை எளிதாகத்தான் தெரியும். பொடியைக் கரைசலில் போட்டுக் குலுக்கி, செறிவு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் போதும். ஆனால் குறைந்ததெல்லாம் பரப்பில் ஒட்டியது என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே கணக்குத் தப்பிவிடும்.

முதலில் பொடியைப் பார்ப்போம். 1 கிராம் எண்ணெய்க்கு 40 மில்லிலிட்டர் ஹெப்டேன் சேர்த்து, இரவு முழுக்கக் கலக்கி வடிகட்டுங்கள். பிறகு சாக்ஸ்லெட் கருவியில் சூடான ஹெப்டேனால், இறங்கும் திரவம் நிறமற்றதாகும்வரை கழுவ வேண்டும். இதில் அவசரம் கூடாது. எண்ணெயிலிருந்து வந்த பிசின்கள் ஏற்கெனவே பொடியின் மேல் இடம்பிடித்திருக்கும். அவை போகாவிட்டால் உங்கள் சேர்மத்துக்கு இடம் குறையும், போதாக்குறைக்குப் பரிசோதனையின் நடுவே அவை கரைசலுக்குள் இறங்கவும் செய்யும். கழுவிய பொடியை எடை மாறாமல் நிற்கும்வரை வெற்றிடத்தில் உலர்த்தி, அரைத்துச் சலித்து, நைட்ரஜன் நிரப்பிய புட்டியில் வையுங்கள். காற்று பட்டுக் கிடந்தால் ஆக்சிஜனேற்றம் அடையும். எல்லா அளவீட்டுக்கும் ஒரே தொகுதிப் பொடியே இருக்கட்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஃபீனாலை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஃபீனால் உள்ள ஹெப்டேன் கரைசல் 20 மில்லிலிட்டர், அதில் 0.1 கிராம் பொடி. ஹெப்டேன் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நீரும் ஃபீனாலும் அதே இடங்களுக்குப் போட்டியிடும். கூடவே இரண்டு ஒப்பீட்டுக் குப்பிகள் கட்டாயம். ஒன்றில் பொடியில்லாத கரைசல். குப்பியின் சுவரும் மூடியும் எவ்வளவு இழுக்கின்றன என்பதை இது காட்டும். மற்றதில் ஃபீனாலில்லாத ஹெப்டேனும் பொடியும். பொடியிலிருந்து என்ன கசிகிறது என்பதை அது காட்டும். வடிகட்ட நைலான் வேண்டாம், அது ஃபீனாலைத் தானே பிடித்துக்கொள்ளும். டெஃப்லான் வடிகட்டி எடுத்து, முதலில் வரும் கொஞ்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஃபீனாலின் செறிவைப் புற ஊதாவில் 270 நானோமீட்டர் அருகே அளக்கலாம். கசிந்த அஸ்ஃபால்ட்டீனும் அங்கே ஒளியை உறிஞ்சும் என்பதால், பிடிபட்ட அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். கூடவே 400 நானோமீட்டரிலும் பாருங்கள். ஃபீனால் அங்கே உறிஞ்சாது. ஆகவே அங்கே ஏதாவது தெரிந்தால் அது பொடி கரைந்ததன் அடையாளம். கரைசலில் கொஞ்சம் டொலுவீன் கலந்தாலே இந்தத் தொல்லை கூடிவிடும். பிசின்களை ஆராய்பவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது, பிசினே பழுப்பு நிறம். அவர்கள் மிஞ்சிய திண்மத்தைக் கழுவி உலர்த்தி எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கு. ஃபீனால் 500இலிருந்து 380க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 120 மில்லிகிராம் குறைவு. 20 மில்லிலிட்டரில் 2.4 மில்லிகிராம், ஒரு கிராம் பொடிக்கு 24 மில்லிகிராம். ஒரு ஃபீனால் மூலக்கூறு படுத்தவாக்கில் ஏறக்குறைய அரைச் சதுர நானோமீட்டர் இடம் எடுக்கும். அத்தனை மூலக்கூறுகளும் ஒரே அடுக்காக ஒட்ட, கிராமுக்கு 77 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். உலர்ந்த பொடியில் நைட்ரஜன் வாயுவைக் கொண்டு அளந்த பரப்பு 5 சதுர மீட்டர் என்றால்? மீதி எங்கே போய் உட்கார்ந்தது? திண்மத்தின் உள்ளேதான். அஸ்ஃபால்ட்டீன் கரைசலில் ஊறி உப்பும், சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழையும். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உறைந்து இறுகிய பொடிக்குள் நைட்ரஜனுக்கு அந்த வழி இல்லை. இந்த ஒரு கணக்கைப் போடாமல் பரப்புக் கவர்தல் என்று பெயர் வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

உள்ளே நுழைகிறதா என்பதை நேரமும் காட்டிக்கொடுக்கும். 1, 4, 24, 48 மணி நேரங்களில் தனித்தனிக் குப்பிகளைத் திறந்து பாருங்கள். பரப்பில் ஒட்டுவது விரைவில் நின்றுவிடும். உட்புகுவது மெதுவாக ஏறிக்கொண்டே போகும். 24 மணியில் முடிந்துவிட்டது என்று முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள்.

பரப்பில் ஒரே அடுக்காக ஒட்டும் அளவைக் கரைசலின் செறிவோடு இணைப்பது லாங்மியூர் சமன்பாடு. அதைப் பொருத்தும்போதும் கவனம் தேவை. செறிவைப் பிடிபட்ட அளவால் வகுத்து, அதைச் செறிவுக்கு எதிராக வரைவது வழக்கம். இரண்டு அச்சிலும் செறிவே இருப்பதால், பொருந்தாத தரவுகூட அழகான நேர்கோடாக விழும். நேர்கோட்டாக்காமல் மூலச் சமன்பாட்டையே பொருத்தி, விலகல்களை வரைந்து பாருங்கள். அவை வளைந்து கிடந்தால் சமன்பாடு பொருந்தவில்லை. கடைசியாக, சமநிலை வந்த குப்பியில் பாதித் திரவத்தை எடுத்துவிட்டு அதே அளவு தூய ஹெப்டேனை ஊற்றி மீண்டும் குலுக்குங்கள். செறிவு கூடக்கூடப் பிடிபட்ட அளவு ஏறிய அதே கோட்டில் ஃபீனால் இறங்கி வராவிட்டால், ஒரு பகுதி உள்ளே சிக்கிக் கிடக்கிறது. அந்தத் தரவுக்கு லாங்மியூர் மாறிலிகளைத் தராதீர்கள்.