மூன்றாவது வரிசையில் நின்ற கை

நேயர்களுக்கு வணக்கம். முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் ஒயர் கூடையில் ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கும். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பின்னலுக்குப் பெயர்கள். எங்கள் புரசைவாக்கம் ஒண்டுக்குடித்தனத்தில் மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் நாலைந்து பெண்கள் நடையில் கால் நீட்டி உட்காருவார்கள். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை. யாரும் பாடம் எடுத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அது ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒட்டவில்லை. நான் கதைப்புத்தகத்தோடு மாடிப்படியில் இருந்தேன்.

அம்மாவுக்கு இப்போது வயது 86, மறதி நோய். என்னைத் தன் தங்கை என்று நினைத்து "எப்ப வந்தே?" என்பார். ஆனால் ஒயரைக் கையில் கொடுத்தால் சிவன் கண் விழுந்துவிடும். பேர், நேற்று நடந்தது, இவற்றைப் பதியவைக்க மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். அல்சைமர் என்ற மறதி நோய் முதலில் கைவைப்பது பெரும்பாலும் அங்கேதான். பழகிய கைவேலைக்கு வேறு பகுதிகள் பொறுப்பு. அது மெதுவாகத்தான் கரைகிறது.

இதை விட்டுவிடக் கூடாது என்று ஒருநாள் போனில் படம் பிடித்தேன். மூன்றாவது வரிசையில், "அம்மா, கொஞ்சம் மெதுவா. இந்த ஒயர் மேலயா, கீழயா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. ஒயரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "தெரியலையேடி" என்று கண் கலங்கிவிட்டார். போனை எடுத்து வைத்துவிட்டுச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். பாதிப் படி உரித்திருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் நாலாவது வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது!

கேட்டால் வராது. பக்கத்தில் வேறு வேலையாக இருந்தால் வரும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

சரி, இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு ஒரு பெண் வருகிறார். நல்ல பெண், மாத்திரை ஒருவேளை தவறியதில்லை. பாட்டி விழக் கூடாது, கையில் கத்தரிக்கோல் கூடாது என்று அவரிடம் சொன்னவளே நான்தான். அதனால், "சும்மா உக்காருங்க பாட்டி" என்று ஒயரையும் சேர்த்து வாங்கி அலமாரி மேலே வைத்துவிடுகிறார். பேத்தி பெங்களூரில். ஞாயிறுதோறும் வீடியோ காலில் முகம் பார்க்கிறாள். போனில் முகம்தான் தெரியும், கை தெரியாது.

2019 ஜனவரியில் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும் கூடைக்கு மறுபடி மவுசு. (ஒயரும் பிளாஸ்டிக்தான், தெரியும்.) யூடியூபில் பார்த்து நானும் பின்னினேன். அடி முடித்துப் பக்கம் ஏற்றும் மூலையில் மாட்டிக்கொண்டேன். அந்த மூலையை அம்மா எப்படித் திருப்புவார் என்று...

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரல் காட்டுகிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை விரிவாகச் சொல்ல இருந்தேன். அதன்படி உணவு, உடை, இருப்பிடம், மருத்துவத்துக்காகத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்? 1734-ல் நெசவாளர்களுக்காக எழுந்த சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையின் கதையும் குறிப்பில் இருக்கிறது. இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.