பேய் என்று கையொப்பமிட்டவர்

(திரையில்: சோழர் காலத்து வெண்கலச் சிலை. தோளிலிருந்து முகத்துக்கு மெல்ல நகரும் அண்மைக் காட்சி.)

வணக்கம். இந்தச் சிலையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். துருத்திய தோள் எலும்புகள், எண்ணிவிடக்கூடிய விலா, வற்றித் தொங்கும் மார்பு, கைகளில் தாளம். சிவனைப் பாடிய புலவரான இவரைக் காரைக்கால் அம்மையார் என்று அழைக்கிறோம். ஆனால் தம் பாடல்களில் அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அதுவன்று. 'காரைக்காற்பேய்' என்பதே அவருடைய கையொப்பம்.

தலையை விரித்துப்போட்ட பெண்ணையும், அடங்காமல் உரக்கப் பேசும் பெண்ணையும் பேய் என்று ஏசுவது இன்றும் நம் வீடுகளில் கேட்கும் வசைதான். சங்கப் பாடல்களின் போர்க்களங்களிலும் பேய்மகள் வருகிறாள். ஆனால் அங்கே அவள் பிறர் கண்டு அஞ்சும் உருவம் மட்டுமே. காரைக்காலாரின் பதிகத்தில்தான் அந்தப் பேய் தானே வாய் திறந்து பாடுகிறது.

(திரையில்: திருவாலங்காட்டுக் கோயில் கோபுரம்.)

திருவாலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்தில் ஒரு பெண்பேய் வருகிறாள். 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து' என்று தொடங்கி, குழிந்த கண், வெண்பல், ஒட்டிய வயிறு, சிவந்த மயிர், நீண்ட கணைக்கால் என்று உறுப்பு உறுப்பாகப் பார்வை இறங்குகிறது. பெண்ணைப் பாடும் புலவர்கள் மீன்போன்ற கண், கொடிபோன்ற இடை என்று வருணிப்பது வழக்கம். அதே வருணனை முறையைக் கையில் எடுத்து, ஆணின் கண்ணுக்கு இனிய எதையும் அதில் மிச்சம் வைக்காமல் பாடியிருக்கிறார் என்பதே என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. அந்தப் பதிகத்தின் இறுதியில் 'செடிதலைக் காரைக்காற்பேய்' என்று, புதர்போல் அடர்ந்த தலைமயிரோடு, தம்மையே அந்தப் பேய்க் கூட்டத்தில் நிறுத்துகிறார். அவருடைய இன்னொரு நூலான அற்புதத் திருவந்தாதியில் அக்கூட்டத்துக்கு அவர் தரும் பெயர் 'நற்கணம்', அதாவது நல்ல கூட்டம்.

புனிதவதி என்ற இயற்பெயரும், சிவன் அருளால் அவர் கைக்கு வந்த மாங்கனியும், அதைக் கண்டு கணவன் பரமதத்தன் அஞ்சி விலகிச் சென்ற கதையும் பல நூற்றாண்டுகளுக்குப் பின், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தின் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன. வேறு மணம் செய்துகொண்ட கணவன் தம் காலில் விழுந்து வணங்கியபோது, அவனுக்காகச் சுமந்த தசையை நீக்கிப் பேய்வடிவம் அருளுமாறு சிவனை அவர் வேண்டினார் என்றும், கயிலையில் சிவன் 'அம்மையே' என்று அழைத்தார் என்றும் புராணம் சொல்கிறது. ஊர் அந்த அழைப்பையே பெயராக்கிக்கொண்டது. தாய் என்ற சொல் நமக்கு எளிதாக நாவில் வருகிறது. அதன் நிழலில் அவர் விரும்பி ஏற்ற 'பேய்' என்ற சொல் மறைந்துபோனதை நான் ஓர் இழப்பாகவே கருதுகிறேன்.

ஆனால் சேக்கிழாருக்கும் முன்பே, தேவாரம் பாடிய சுந்தரர் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்டிருக்கிறார். அடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகையில் 'பேயார்க்கும் அடியேன்' என்கிறார். அவர் பேயை மாற்றவில்லை, மழுப்பவுமில்லை. மரியாதைக்குரிய 'ஆர்' விகுதியை மட்டும் சேர்த்து, அதன்முன் தலைவணங்குகிறார்.

(திரையில்: சிவன் கோயில் திருச்சுற்றில் அறுபத்துமூவர் வரிசை.)

சிவன் கோயில்களில் சிவனடியார்களான நாயன்மார்கள் கைகூப்பி நிற்கும் வரிசையில் ஓர் உருவம் மட்டும் அமர்ந்திருக்கும். அடுத்த முறை அவ்வழியே நடக்கும்போது, அவர்முன் ஒரு கணம் நின்று, அவரே தேர்ந்துகொண்ட பெயரால் அழைத்துப் பாருங்கள்.