குண்டு மழையில் கூரைத் தோட்டம்: காசிமேட்டுக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மேலே ஜெர்மன் விமானம். கீழே பதுங்குகுழிக்குள் குடும்பம். நடுவில், குழியின் கூரை மேல் லெட்டூஸ் கீரை! 1940-இல் லண்டனில் இது சாதாரணக் காட்சி.

வணக்கம் மக்களே! வரலாற்றை வேகமாக ஓட்டிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர். உணவுக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. பிரிட்டனில் ரேஷன் வந்தது. 'வீட்டிலேயே பயிர் செய்யுங்கள்' என்றது அரசு. நம்ம மெட்ராஸும் தப்பவில்லை. 1942-இல் பர்மா ஜப்பானிடம் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். முதலில் சொன்ன பதுங்குகுழிக்குப் பெயர் ஆண்டர்சன் ஷெல்டர், வளைந்த தகரத்தால் ஆனது. பாதி மண்ணுக்குள் இறக்கி, வெடியைத் தாங்க மேலேயும் மண்ணைக் கொட்டுவார்கள். பார்த்தார்கள், மண் சும்மா கிடக்கிறதே என்று விதையைப் போட்டுவிட்டார்கள். லண்டன் கோட்டை அகழியிலும் காய்கறிப் பாத்திகள்! அக்கம்பக்கத்தார் சேர்ந்து சமையலறைக் கழிவைப் போட்டுப் பன்றியும் வளர்த்தார்கள்.

எனக்குப் பொறி தட்டியது இந்தக் கழிவில்தான். காசிமேட்டில் மீன் கழிவுக்கா பஞ்சம்? தலை, குடல், செதில் எதுவானாலும் சரி, அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரை சேர்த்து பிளாஸ்டிக் டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். அவ்வப்போது மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள். சில வாரங்களில் தேன் நிறத்தில் இறங்குவதுதான் மீன் அமிலம், செடிக்கான திரவ உரம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும், கத்தரியும் வெண்டையும் தளதளவென்று வரும். கடையில் இதைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்!

ஒரே எச்சரிக்கை: எண்ணூர், மணலி பக்கம் சாம்பலும் ஆலைக் கழிவும் படிந்த தரையில் கீரை போடாதீர்கள். மாடியில் பை வைத்து, தென்னை நார்க் கழிவும் தொழு உரமும் கலந்து நடுங்கள். பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது, ஹவுஸ் ஓனரும் கத்தமாட்டார்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மக்களே, உங்கள் மாடியில் என்ன காய்க்கிறது? கமெண்ட்டில் போடுங்கள். அப்புறம், மீன் டப்பாவைத் திறக்கும் நாளை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணி காயப்போட்டிருப்பார்!